துவைக்கும் கவுனா, தூக்கி எறியும் கவுனா, ஏப்ரனா? மலை மேல் இருக்கும் முதியோர் இல்லங்களுக்கு ஒரு கணக்கு

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. படுக்கையில் இருப்பவர்களைக் குளிப்பாட்டவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் ஆயாக்கள் தொற்று பரவாமல் உடைக்கு மேல் மாட்டிக்கொள்ள எதை வாங்கிக் கொடுப்பது? துணிக் கவுனா, ஒருமுறை போட்டு எறியும் கவுனா, பிளாஸ்டிக் ஏப்ரனே போதுமா?

சமவெளியில் கிடைக்கும் பதில் மலையில் அப்படியே செல்லாது. கோவையில் காலையில் துவைத்த துணியை மதியமே மடித்து வைத்துவிடலாம். ஆகஸ்டில் கூடலூரிலும் நவம்பரில் குன்னூரிலும் அதே துணி மூன்றாம் நாளும் தொட்டால் ஜில்லென்றிருக்கும். குப்பை வண்டியும் கீழிருந்து மலையேறி வர வேண்டும். பெரும்பாலும் இந்த இரண்டுதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. கடைக்காரர் சொல்லும் விலை அதற்குப் பிறகுதான்.

இங்கே பேசுவது சின்ன ஆஸ்பத்திரிகளைப் பற்றி அல்ல. பத்து முதல் நாற்பது முதியவர்கள் நிரந்தரமாகத் தங்கி, அவர்களில் சிலர் படுத்த படுக்கையாக இருக்கும் இல்லங்களைப் பற்றி.

## முதலில், எத்தனை கவுன் தேவை?

காபி கொடுக்கவும் மாத்திரை நீட்டவும் கவுன் வேண்டாம். உடம்போடு உடம்பு உரசும் வேலைக்குத்தான் அது: குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, டயப்பர் மாற்றுவது, தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, கதீட்டரையும் யூரின் பையையும் கையாள்வது, படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது. அதுவும் எல்லோருக்கும் அல்ல. ஆறாத புண் உள்ளவர், கதீட்டரோ மூக்குக் குழாயோ போட்டிருப்பவர், மருந்துக்கு அடங்காத கிருமி இருப்பதாக ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதி வந்தவர், வயிற்றுப்போக்கு உள்ளவர், சிரங்கு உள்ளவர் ஆகியோருக்கு மட்டும்.

இருபது பேர் இருக்கும் இல்லத்தில் அப்படி ஆறு பேர் என்று வைப்போம். ஆளுக்கு நாளைக்கு நான்கு முறை. 6 × 4 = 24 கவுன். மாதத்துக்கு 720. ஆறு பேருக்கும் ஒரே கவுனைப் போட்டுக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிப் போவதைவிடக் கவுனே போடாமலிருப்பது மேல். கவுன் போடாத ஆயா தன் சட்டை அழுக்காகிவிடும் என்று சற்று விலகியாவது நிற்பார். கவுன் போட்டவர் தைரியமாக அணைத்துத் தூக்குவார், ஒருவர் உடம்பில் இருந்ததை அடுத்தவர் மேல் பூசுவார்.

## எதை வைத்து எடை போடுவது

ஈரம் தடுக்குமா என்பது முதல் அளவுகோல். நனைந்த துணி கிருமியைத் தடுக்காது, உள்ளே இழுக்கும். இரண்டாவது, அழுக்கான கவுன் மறுபடி கைக்கு வர எத்தனை நாள் ஆகும். மூன்றாவது, கழிவு எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறது. நான்காவது, சாலை அடைபட்டால் என்ன ஆகும்: 2009 நவம்பர் மண்சரிவும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் கொட்டிய 82 சென்டிமீட்டர் மழையும் பார்த்த மாவட்டம் நீலகிரி. ஐந்தாவது, குளிரில் ஆயா அதை ஒழுங்காகப் போடுவாரா. கடைசியாக, ஒரு முறை போட ஆகும் உண்மையான செலவு.

## துவைத்துப் போடும் கவுன்

இதில் இரண்டு சாதி உண்டு. உள்ளூர் டெய்லரிடம் தைக்கும் சாதாரண காட்டன் கவுன் உடையின் அழுக்கைத்தான் காக்கும். குளிப்பாட்டும்போது இரண்டு நிமிடத்தில் நனைந்து ஒட்டிக்கொள்ளும். நெருக்கமாக நெய்த பாலியஸ்டரில் தண்ணீர் ஒட்டாத பூச்சுடன் வருவது இன்னொன்று. அது பொதுவாக 75 முதல் 100 துவையல் வரை தாங்கும் என்று குறிக்கப்பட்டிருக்கும். காட்டனைவிட மிகச் சீக்கிரம் காய்வதும் அதுதான். மலைக்கு வாங்கினால் இதைத்தான் வாங்க வேண்டும்.

எண்ணிக்கை காய்வதைப் பொறுத்தது. வெயில் காலத்தில் இன்று போட்டது நாளை துவைத்துக் காய்ந்து மறுநாள் கைக்கு வரும்: 24 × 3 = 72 கவுன். மழைக் காலத்தில் காய மூன்று நாள் என்றால் ஐந்து செட்: 120. டிரையர் இருந்தால் இரண்டு செட் போதும், கிழிசலுக்குப் பத்து சேர்த்து 58. ஆக, டிரையர் வாங்காமல் மிச்சம் பிடிக்கும் பணம் அறுபத்துச் சொச்சம் கூடுதல் கவுனாகவும், அதை வைக்க ஓர் அலமாரியாகவும், அலமாரியில் பூஞ்சை வாடையாகவும் திரும்பி வரும். பாதி ஈரத்தில் மடித்த கவுன் ஒரு வாரத்தில் கரும்புள்ளி விடும். அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் போடுவதோடு அந்த செட்டின் கதை முடிந்தது.

கவுன் ஒன்று 350 கிராம் என்றால் 24 கவுன் எட்டரைக் கிலோ, அதாவது பெரிய வாஷிங் மெஷின் ஒன்று நிறைய. எட்டுக் கிலோ டிரையர் ஒரு முறை ஓட ஏறக்குறைய 4 முதல் 5 யூனிட் கரண்ட் இழுக்கும். ஹீட் பம்ப் வகையில் பாதி. சமையலறை அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போடுவது மட்டும் வேண்டாம். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் தண்ணீர் ஒட்டாத பூச்சு போய்விடும், தீ ஆபத்து வேறு.

துவைக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

1. மலம், ரத்தம் இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். நேராக வெந்நீரில் போட்டால் கறை இறுகிவிடும். அலசும்போது உதறக்கூடாது.
2. பிறகு டிடர்ஜெண்ட்டுடன் 71 டிகிரியில் 25 நிமிடம். ஹீட்டர் உள்ள மெஷினில் இதற்கு மேல் உள்ள வெப்ப அளவைத் தேர்ந்தெடுங்கள். பனிக் காலத்தில் குழாய்த் தண்ணீர் கையை மரக்க வைக்கும் குளிரில் வருவதால் சூடேறவே நெடுநேரம் எடுக்கும்.
3. ஹீட்டர் இல்லாத மெஷின் என்றாலோ, கவுன் லேபிள் அவ்வளவு சூடு தாங்காது என்றாலோ, துவைத்த பின் 0.05 சதவீத குளோரின் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். 5 சதவீத ஹைப்போகுளோரைட் (குளோரின் ப்ளீச் திரவம்) 100 மில்லியைப் பத்து லிட்டர் தண்ணீரில் கலந்தால் அந்த அளவு. பிறகு நன்றாக அலச வேண்டும். குளோரின் தாங்குமா என்பதையும் அதே லேபிளில் பாருங்கள்.
4. துணியை மிருதுவாக்கும் கண்டிஷனர் கூடவே கூடாது. அது தண்ணீர் ஒட்டாத தன்மையைக் கெடுக்கும்.

ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலிலும் ஏறத்தாழ அப்படித்தான். அது போதாதோ என்று கவலைப்பட வேண்டாம்; தேவை 71தான். சிக்கல் வேறு. அண்டாவில் கொதித்த தண்ணீரைப் பக்கெட்டில் ஊற்றி, அதில் ஈரத் துணியைப் போட்டதும் சில்லிட்ட பக்கெட்டும் துணியும் சூட்டை வாங்கிக்கொள்ளும். ஐந்தே நிமிடத்தில் கை வைக்கிற சூட்டுக்கு இறங்கிவிடும். அது கிருமி நீக்கம் ஆகாது. பாத்திரம் அடுப்பிலேயே, மூடியோடு, தெர்மாமீட்டரும் கையுமாக 25 நிமிடம் இருக்க வேண்டும்.

இன்னொன்று: மூத்திரம் ஊறிய துணியின் மேல் நேராக ஹைப்போகுளோரைட் ஊற்றினால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் வாயு கிளம்பும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு சேர்ந்தால் இன்னும் மோசம். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு துவைக்கும் அறையில் இது சின்ன விஷயம் இல்லை.

ஒவ்வொரு கவுனின் கீழ் மடிப்பிலும் அழியாத மையில் சின்னக் கட்டங்கள் போட்டு, துவைக்கத் துவைக்க ஒரு கோடு இழுத்து வாருங்கள். 75ஐத் தாண்டியவற்றுக்கு மாதம் ஒருமுறை சோதனை: கவுனின் கைப்பகுதியை மேசை மேல் விரித்து, அடியில் டிஷ்யூ வைத்து, மேலே ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் உள்ளங்கையால் அழுத்துங்கள். டிஷ்யூ நனைந்தால் அந்தக் கவுன் தோட்ட வேலைக்கு.

## ஒருமுறை போட்டு எறியும் கவுன்

நெய்யாத பாலிப்ரோப்பிலீன் துணி. 20, 25 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) மெலிசானது பார்வையாளருக்குப் போட்டுவிடத்தான் லாயக்கு. மேலே சொன்ன டிஷ்யூ சோதனையில் உடனே தோற்கும். மூன்றடுக்கு நெய்யாத துணியில் (எஸ்எம்எஸ் என்று விற்பார்கள்) 40 ஜிஎஸ்எம்முக்குக் குறையாமல், மணிக்கட்டில் பின்னல் பட்டியோடு, முதுகில் இரு பக்கமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி வாங்குங்கள். லேமினேட் செய்தது தண்ணீரை முழுக்கத் தடுக்கும், ஆனால் அடியில் ஸ்வெட்டர் போட்டவர் பத்து நிமிடத்தில் வியர்த்துக் கழற்றிவிடுவார்.

இதன் நல்ல பக்கம் தெளிவு. துவைத்ததா, காய்ந்ததா, யார் போட்டது என்ற சந்தேகமே வராது. இரவுப் பணியில் ஒரே ஆள் இருக்கும் இல்லத்துக்கு அது பெரிய நிம்மதி.

மறைந்த செலவு கழிவில் இருக்கிறது. கவுன் ஒன்று நூறு கிராம் என்றால் நாளைக்கு இரண்டரைக் கிலோ. அழுத்தினாலும் அடங்காத உப்பல் குப்பை. 2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி மாஸ்க்கும் கவுனும் மஞ்சள் பையில், கிளவுஸும் குழாய்களும் சிவப்புப் பையில், ஊசி துளைபடாத வெள்ளை டப்பாவில் போக வேண்டும். பதப்படுத்தாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. உங்களிடம் வரும் வண்டி வாரத்துக்கு இரண்டு முறைதான் வரும் என்றால் இந்தக் கவுன் உங்களுக்கு ஆகாது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஆகாது. கட்டணம் எடைக்கா, கட்டிலுக்கா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எடைக்கு என்றால் மாதக் கடைசியில் தெரியும்.

வண்டி வரும்வரை பையை எங்கே வைப்பது என்பது மலைக்கே உரிய தலைவலி. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி இரவில் வீட்டு வாசல் வரை வரும். குரங்குக்கு மூடி திறக்கத் தெரியும். டயப்பர் பையோடு சேர்த்து மஞ்சள் பையையும் கிழித்து விட்டால் காலையில் தேயிலைச் சரிவெல்லாம் கவுன் துண்டுதான். கல் சுவர், கம்பி வலை, தாழ்ப்பாளும் பூட்டும் உள்ள சின்ன அறை இல்லாமல் இந்த வழிக்குப் போகாதீர்கள். பின்னால் குழி வெட்டி எரிப்பது விதிக்கும் விரோதம், மூச்சுக்கும் விரோதம்.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள்களில் நெய்யாத துணிப் பையும் ஒன்று. கவுனும் அதே துணிதான் என்பதால் சிலர் குழம்புகிறார்கள். அந்தப் பட்டியல் பை, தட்டு, கப் வகையறாவுக்கானது, மருத்துவக் கவுன் அதில் இல்லை. ஆனாலும் பெட்டியோடு பில்லும் வண்டியில் இருக்கட்டும். மலையடிவாரச் சோதனையில் பேச்சு குறையும்.

## ஏப்ரன்

கையில்லாத பிவிசி அல்லது ரெக்சின் ஏப்ரன். காய வைக்கும் பிரச்சினையே இல்லை: சோப்புத் தண்ணீரில் துடைத்து, 0.1 சதவீத ஹைப்போகுளோரைட் (5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்கு 49 பங்கு தண்ணீர்) பூசி, பத்து நிமிடம் விட்டு, கழுவி மாட்டினால் வேலை முடிந்தது. விலையும் குறைவு. தொற்று இல்லாதவரைக் குளிப்பாட்ட, டயப்பர் மாற்ற, பாத்திரம் கழுவ இதைவிடச் சௌகரியமானது கிடையாது.

ஆனால் ஏப்ரன் என்பது முழங்கைக்குக் கீழே வெறுங்கையாக இருந்து, வேலை முடிந்ததும் முழங்கை வரை கழுவுகிறவர்களுக்கான உடை. ஜனவரிக் காலையில் ஊட்டியில் எந்த ஆயா அப்படி நிற்பார்? ஸ்வெட்டர் கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு வேலை செய்வார். மூன்றாவது நிமிடம் மடிப்பு நழுவிக் கம்பளி நுனி தண்ணீரில் தோயும். அந்த ஈர நுனியோடுதான் அடுத்த கட்டிலுக்குப் போவார். ஸ்வெட்டர் வாரம் ஒருமுறை துவைத்தால் அதிகம். ஏப்ரனைத் தேர்ந்தெடுத்தால், பணியாளருக்குக் கையில்லாத ஸ்வெட்டர் இரண்டு வாங்கிக் கொடுத்து, குளியலறையில் வெந்நீர்க் குழாயும் வைத்துத் தர வேண்டும். அந்தச் செலவையும் ஏப்ரன் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

குளிரில் பிவிசி விறைக்கும். மடித்து வைத்தால் மடிப்புக் கோட்டில் வெடிக்கும், வெடிப்பில் அழுக்கு தங்கும். மடிக்காமல் ஆணியில் தொங்கவிடுங்கள், கட்டிலுக்கு ஒன்றாக, எண் எழுதி. ஆளைக் கட்டித் தூக்கும் வேலைக்கும் சிரங்குக்கும் ஏப்ரன் உதவாது, கை முழுக்க உரசுவதால்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | பாலியஸ்டர் துவைக்கும் கவுன் | எறியும் கவுன் | ஏப்ரன் |
|---|---|---|---|
| ஈரத் தடுப்பு | பூச்சு இருக்கும்வரை நல்லது | 40 ஜிஎஸ்எம் எஸ்எம்எஸ் என்றால் நல்லது | முன்பக்கம் மிக நல்லது, கைக்கு இல்லை |
| நாளைக்கு 24 முறைக்கு இருப்பு | டிரையரோடு 58, இல்லாவிட்டால் 120 | மாதம் 720 | கட்டிலுக்கு ஒன்று, உபரி இரண்டு |
| கழிவு | ஆயுள் முடிந்தால் மட்டும் | நாளைக்கு இரண்டரைக் கிலோ | மிகக் குறைவு |
| சாலை அடைபட்டால் | தாக்குப் பிடிக்கும், கரண்ட் இருந்தால் | இருப்பு தீரும், குப்பை தேங்கும் | கவலை இல்லை |
| மறைந்த செலவு | டிரையர், வெந்நீர், துவைக்க ஆள் | கழிவு வைக்கப் பூட்டுள்ள அறை, வண்டிக் கட்டணம் | கையில்லா ஸ்வெட்டர், வெந்நீர்க் குழாய் |

செலவுக் கணக்கு இப்படி. எண்கள் முறையைக் காட்ட மட்டும், உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள். கவுன் 600 ரூபாய், 75 துவையல்: ஒரு முறைக்கு 8 ரூபாய். மெஷினும் டிரையரும் 7 யூனிட், யூனிட் 8 ரூபாய் என்றால் 56, சோப்பு 20, ஆள் கூலி 120, மொத்தம் 196, அதை 24ஆல் வகுத்தால் 8 ரூபாய்ச் சொச்சம். ஆக 16 ரூபாய். எறியும் கவுன் வாங்கும் விலையும் நூறு கிராம் கழிவுக் கட்டணமும் சேர்ந்து 16க்குக் கீழே வந்தால் அது லாபம். நல்ல கவுன் அந்த விலைக்கு வருவது கஷ்டம். ஆனால் நாளைக்கு ஐந்தாறு கவுன் மட்டும் தேவைப்படும் சின்ன இல்லத்துக்கு டிரையர் விலையைப் பங்கு போட ஆளில்லை. அங்கே கணக்கு தலைகீழாகும்.

## எங்கே எது

டிரையரோ, வெயில் விழும் கண்ணாடிக் கூரைப் பந்தலோ உள்ள, இருபது பேருக்கு மேற்பட்ட இல்லம்: துவைக்கும் கவுன். அதோடு எறியும் கவுன் பத்து நாளைக்கு, அதாவது 240, பெட்டி பிரிக்காமல் இருக்கட்டும். மெஷின் பழுது, மண்சரிவு, ஒரே நேரத்தில் நாலு பேருக்கு வயிற்றுப்போக்கு, இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே வாரத்தில் வரும்.

பத்துப் பேருக்குள், நாளைக்கு ஆறு கவுனுக்கு மேல் போகாத இடம், கழிவு வண்டி ஒன்று விட்டு ஒரு நாள் தவறாமல் வருகிறது: எறியும் கவுன். கணக்கு வைக்கும் வேலையே இல்லை.

நடமாட்டம் உள்ளவர்களே அதிகம், புண்ணும் குழாயும் யாருக்கும் இல்லை: ஏப்ரன் போதும், எறியும் கவுன் ஒரு பெட்டி அலமாரியில் இருந்தால் சரி.

கூடலூர், பந்தலூர் மாதிரி தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும் இடங்களில் டிரையர் இல்லாமல் துணிக் கவுனை நம்பாதீர்கள். கோத்தகிரிக்கும் கொடைக்கானலுக்கும் ஆபத்தான மாதங்கள் வேறு. அங்கே அக்டோபர், நவம்பருக்கு இருப்பைக் கூட்டுங்கள்.

## கிளவுஸ், மாஸ்க்

கிளவுஸில் நைட்ரைல் (செயற்கை ரப்பர்) வாங்குங்கள். குளிரில் கை வெடிக்கும், ஆயாக்கள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்வார்கள்; எண்ணெய் பட்டால் லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) இளகி ஓட்டை விழும். நைட்ரைலும் ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டியதுதான், சானிடைசர் போட்டு ஓட்டக்கூடாது. ஓட்டல் பரிமாறும் மெல்லிய பாலிதீன் கிளவுஸ் டயப்பர் வேலைக்குக் கிழியும்.

மாஸ்க்கில் அன்றாடத்துக்கு மூன்றடுக்கு சர்ஜிக்கல். காசநோய் என்று சந்தேகம் இருந்தால் நோயாளிக்கு சர்ஜிக்கல், பணியாளருக்கு முகத்தில் இடைவெளி இல்லாமல் பதியும் என்95. ஆனால் எந்த மாஸ்க்கை விடவும் ஜன்னல் முக்கியம். பகலில் எதிரெதிர் ஜன்னல் இரண்டு நாலு விரற்கடை திறந்திருக்க, முதியவருக்குக் கூடுதல் போர்வை. சாத்திய அறையில் ஹீட்டரும் இருமலும் சேர்ந்திருப்பதுதான் மலையில் பரவலுக்கு நல்ல வசதி.

## கழற்றும் வரிசை

எந்தக் கவுன் வாங்கினாலும் தொற்று ஒட்டுவது பெரும்பாலும் கழற்றும்போதுதான். கிளவுஸ் முதலில், ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருட்டி. கை சுத்தம். பிறகு கழுத்து, இடுப்பு முடிச்சு. கவுனைத் தோளிலிருந்து முன்னுக்கு இழுத்து, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டிக் கூடையிலோ பையிலோ. ஏப்ரனைத் தலைவழியாக உருவாதீர்கள், முகத்தில் படும். மாஸ்க் கடைசியில், அறைக்கு வெளியே, கயிற்றைப் பிடித்து. மறுபடி கை: சானிடைசர் என்றால் 20 முதல் 30 விநாடி, வயிற்றுப்போக்கு அறையிலிருந்து வந்தால் சோப்பும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி. கூடை அந்த அறைக்குள்ளேயே கதவோரம் இருக்க வேண்டும். நடையில் வைத்தால் அழுக்குக் கவுனோடு நடை வரை வருவார்கள்.

சிரங்கு வந்தால் மட்டும் வழக்கத்தை மாற்றுங்கள். சானிடைசர் சிரங்குப் பூச்சியைக் கொல்லாது. வெந்நீரில் போட முடியாத ஸ்வெட்டர், சால்வை, குரங்குக் குல்லாயைப் பையில் கட்டி மூன்று நாள் வைத்தால் போதும் என்பார்கள். அது சூடான ஊருக்குச் சொன்னது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் பூச்சி இன்னும் நெடுநாள் உயிரோடிருக்கும். சூடான டிரையரில் அரை மணி நேரம் போடுங்கள். அதற்கு வழியில்லை என்றால், கட்டிய பையின் மேல் தேதி எழுதி, இரண்டு மூன்று வாரம் கழித்துத் திறங்கள்.